மாட்டு வண்டியில் போய் கேஜிஎஃப்-ஐத் திறந்தவர்: யார் இந்த மைக்கேல் லாவெல்?

உக்கடத்தில் இருந்து டவுன்ஹால் பக்கம் விடியக்காலையில் நடந்து போனவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். ராஜ வீதியிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் நகைப் பட்டறைகள் திறப்பதற்கு முன்பே சிலர் துடைப்பமும் தட்டுமாக வந்துவிடுவார்கள். வாசல் தூசு, சாக்கடை ஓரத்து மண் என்று எல்லாவற்றையும் கூட்டி அள்ளுவார்கள். அதைத் தண்ணீர் விட்டு அரித்தால், நகை செய்யும்போது உதிர்ந்த தங்கத் துகள் அடியில் தங்கும். யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம். கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை.

உலகத்தில் தங்கம் தேடின தனி ஆட்கள் எல்லாருமே ஏறக்குறைய இப்படித்தான் ஆரம்பித்தார்கள். கையில் ஒரு தட்டு, பக்கத்தில் தண்ணீர். அதில் ஒரு சிலர் மட்டும் இன்னொரு கேள்வி கேட்டார்கள்: இந்தத் துகள் எந்தப் பாறையில் இருந்து வந்தது? அந்தப் பாறையையே உடைத்தால் என்ன?

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர்தான் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லாவெல். பெங்களூரு போனவர்களுக்கு இந்தப் பேர் தெரிந்திருக்கும். கஃபேக்களும் பளபளக்கும் ஷோரூம்களும் வரிசையாக நிற்கும் லாவெல் ரோடு, இவர் பேரில்தான் இருக்கிறது. கேஜிஎஃப் என்று சொன்னதும் நமக்கு ராக்கி பாய் ஞாபகம் வருகிறார். படத்தில் வரும் கதை கற்பனை. ஆனா அந்த ஊரில் நவீனச் சுரங்கத்துக்கு முதல் குத்தகை வாங்கியவரின் நிஜக் கதையும் கிட்டத்தட்ட சினிமாதான், ஹீரோ கடைசியில் ஜெயிக்கிற சினிமாவா என்பதுதான் சந்தேகம்.

லாவெலுக்கு முன்னால் ஒரு வாரன்

லாவெல் கதையைச் சொல்ல 70 வருஷம் பின்னால் போக வேண்டும். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அவருடைய நாட்டை வெற்றி பெற்றவர்கள் பங்கு பிரித்தார்கள். பங்கு பிரித்தால் எல்லைக்கல் நட வேண்டுமே? அந்த நில அளவை வேலைக்காக, 1802 வாக்கில் கோலார் பக்கம் வந்தவர் லெப்டினன்ட் ஜான் வாரன்.

அந்தப் பக்கத்து ஊர்களில் மண்ணில் தங்கம் இருக்கிறது என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. தங்கம் எடுத்துக் காட்டுகிறவர்களுக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். ஊர்க்காரர்கள் வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண் முன்னாலேயே அரித்து, பொன் துகளைக் காட்டினார்கள். அது மட்டும் இல்லை. ஊரிகம், மாரிக்குப்பம் பக்கம் மக்கள் குழிக்குள் இறங்கிக் கல்லையே உடைத்துக்கொண்டிருந்தார்கள். உடைத்த கல், கூடையில் கைமாறிக் கைமாறி மேலே வரும். பெண்கள் அதைப் பெரிய பாறை மேல் வைத்து இடித்து மாவாக்கி, பிறகு தண்ணீரில் அரிப்பார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பாறையை உடைத்துத் தங்கம் எடுக்கும் தொழிலை ஐரோப்பியர்கள் கோலாருக்குக் கொண்டுவரவில்லை. அது அங்கேயே இருந்தது. வாரனுக்கும் ரொம்ப முன்னால், நூற்றாண்டுக் கணக்கில் தோண்டின பழைய குழிகளும் அந்த ஊரில் இருந்தன. வாரன் செய்தது, பார்த்ததை எழுதி வைத்தது. அந்த அறிக்கை 1804-ஐ ஒட்டி வெளியானது.

(வாரன் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இத்தாலியில் பிறந்தவர், சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்தவர், நம்ம ஊர்ப் பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றி ‘கால சங்கலிதா’ என்று ஒரு பெரிய புத்தகமே போட்டவர். 1830-ல் புதுச்சேரியில் இறந்தார்.)

அதற்குப் பிறகு சின்னச் சின்ன முயற்சிகள் நடந்தன. பெரிதாக எதுவும் தேறவில்லை. குழி சரிந்து ஆட்கள் சாக ஆரம்பித்ததும், 1850-களின் கடைசியில் நிலத்தடியில் தோண்டுவதற்கே அரசு தடை போட்டது. பரம்பரையாகக் கல் உடைத்தவர்களின் தொழில் அதோடு முடங்கிப்போனது.

நியூசிலாந்தில் பிடித்த தங்க ஆசை

லாவெல் அயர்லாந்துக்காரர். பிரிட்டிஷ் படை வீரராக நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு எதிரான போரில் இருந்தவர். அந்தக் காலம் முக்கியம். 1861-ல் நியூசிலாந்தின் ஒட்டாகோவில் தங்கம் கிடைத்து, ஆயிரக்கணக்கானவர்கள் கூடாரத்தோடு மலையேறின நேரம் அது. அதற்குப் பத்து வருஷம் முன்னால் ஆஸ்திரேலியாவில் அதே கதை, அதற்கும் முன்னால் கலிஃபோர்னியாவில். ஊரில் ஒன்றும் இல்லாத ஆள், தனியாகப் போய், ஒரு மண்வெட்டியால் தலையெழுத்தை மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அந்தத் தலைமுறைக்கே இருந்தது. இன்றைக்கு ஸ்டார்ட்-அப் ஆரம்பிக்கிறவர்களிடம் இருக்கிற அதே நம்பிக்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நியூசிலாந்தில் இருந்தபோது லாவெலுக்கும் அது ஒட்டிக்கொண்டது. பணி முடிந்து பெங்களூரு கன்டோன்மென்ட்டில் குடியேறினார். ஓய்வுபெற்ற படையாட்கள் நிறைய பேர் செட்டிலாகும் இடம் அது. நல்ல வானிலை, குறைந்த செலவு, கிளப், பேப்பர், அரட்டை. லாவெலும் அப்படியே காலத்தை ஓட்டியிருக்கலாம்.

ஆனா பழைய பத்திரிகை ஒன்றில் வந்திருந்த வாரனின் அறிக்கை அவர் கையில் கிடைத்தது. மொத்தமே சில பக்கங்கள். எத்தனையோ பேர் படித்துவிட்டு மறந்த பக்கங்கள். லாவெல் மறக்கவில்லை. 1871-ல் ஒரு மாட்டு வண்டி பிடித்து, பெங்களூரில் இருந்து கிழக்கே சுமார் 60 மைல், அதாவது கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர், கோலாருக்குப் புறப்பட்டார்.

தனி ஆள் என்ன செய்ய முடியும்?

இங்கே கொஞ்சம் டெக்னிக்கல் விஷயம். ஆற்று மணலில் கிடைக்கும் தங்கம் வேறு, பாறைத் தங்கம் வேறு. இரண்டுமே ஒரே இடத்தில் பிறந்ததுதான். பூமிக்குள் ஆழத்தில், சூடான நீர் பாறைப் பிளவுகளுக்குள் ஏறி வரும்போது அதில் கரைந்திருக்கும் சிலிக்காவும் தங்கமும் உறைந்து வெள்ளை நிறக் கல் நரம்பாக மாறும். குவார்ட்ஸ் என்று புத்தகத்தில் படித்திருப்போம். நம்ம கொங்குக் காடுகளில் உழும்போது புரளுமே, வெங்கச்சாங்கல், அதுவேதான். ஆனா எல்லா வெங்கச்சாங்கல்லிலும் தங்கம் இருக்காது, ஆயிரத்தில் ஒன்றில் இருந்தாலே பெரிசு. மழையும் வெயிலும் அந்தக் கல்லை அரித்துக் கரைத்து ஆற்றில் சேர்க்கும்போது, அதிலிருந்து உதிர்வதுதான் மணல் தங்கம்.

மணல் தங்கத்துக்குத் தட்டு போதும். பாறைத் தங்கத்துக்கு நடை வேண்டும், பொறுமை வேண்டும். அந்தக் காலத்தில் தனியாகத் தேடுகிறவர்கள் செய்யும் வேலை இப்படி இருக்கும்: வெள்ளை நரம்பு தரைக்கு மேல் தலைகாட்டும் இடத்தைத் தேடி நாள் முழுக்க நடக்க வேண்டும். பார்த்த கல்லைச் சுத்தியலால் உடைத்து, உரலில் இடித்துப் பொடியாக்கி, தட்டில் போட்டு அரிக்க வேண்டும். தங்கம் கனமானது என்பதால் கடைசி வரை அடியில் நிற்கும். தட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு மெல்லிய வால் மாதிரி தெரிந்தால், அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போக வேண்டும். பழைய ஆட்கள் தோண்டின குழி எங்கே இருக்கிறதோ, அங்கே நம்பிக்கை அதிகம். கோலாரில் அந்தக் குழிகளுக்குப் பஞ்சமில்லை.

கையில் வரைபடம் இருந்ததால் எல்லாம் எளிது என்று நினைத்துவிடக் கூடாது. வாரன் எழுதினது 70 வருஷத்துக்கு முந்தைய சங்கதி. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் லாவெல் அந்த வட்டாரத்தைச் சுற்றிப் பார்த்து, எங்கெங்கே தோண்டலாம் என்று குறித்துக்கொண்டார்.

பர்மிஷன் வாங்கின கதை

1873-ல் சுரங்க உரிமை கேட்டு விண்ணப்பம் போட்டார். மைசூர் சமஸ்தானம் அப்போது மகாராஜாவின் நேரடி ஆட்சியில் இல்லை. 1831-ல் இருந்து 1881 வரை பிரிட்டிஷ் கமிஷனர்கள்தான் ஆண்டார்கள். அந்த அதிகாரிகளுக்கு லாவெலின் தங்கக் கணக்கில் நம்பிக்கை வரவில்லை. நிலக்கரி வேண்டுமானால் தேடுங்கள் என்கிற மாதிரிதான் பதில் வந்தது. ரயில் ஓடத் தொடங்கிவிட்ட நாட்டில் அரசுக்கு நிலக்கரிதான் கண்ணுக்குத் தெரிந்தது. தப்புச் சொல்ல முடியாது. தங்கம் தேடி வந்தேன் என்று சொல்லி அலுவலக வாசலில் நின்றவர்கள் அதுவரை யாரும் எதையும் கொண்டுவந்து காட்டினதில்லை.

லாவெல் விடவில்லை. நான் தேடுவது தங்கம்தான், கிடைத்தால் அரசுக்கும் லாபம், கிடைக்காவிட்டால் அரசுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்ற ரீதியில் திரும்பத் திரும்ப எழுதினார். கடைசியில் 1875 பிப்ரவரி 2-ம் தேதி, 20 வருஷக் குத்தகை அவர் பேருக்கு வந்தது. இந்தியாவில் நவீனத் தங்கச் சுரங்கத் தொழில் அந்தத் தேதியில் தொடங்கியது என்று எழுதுகிறவர்கள் உண்டு.

பேப்பர் கைக்கு வந்தாச்சு. இனிமேல்தான் நிஜமான பிரச்னை.

ஊரிகம் பக்கம் ஒரு குழி இறக்கினார். பாறையில் குழி இறக்குவது என்றால் என்ன? ஒருவர் உளியைப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிக்க, அங்குலம் அங்குலமாகத் துளை போட வேண்டும். துளையில் வெடிமருந்தைத் திணித்து வெடிக்க வேண்டும். புகை அடங்கியதும் உள்ளே இறங்கி, சிதறின கல்லை வாளியில் நிரப்பி, மேலே ராட்டினம் போட்டு இழுக்க வேண்டும். கொஞ்சம் ஆழம் போனதும் தண்ணீர் ஊறும், அதை இறைக்க ஆள் வேண்டும். பக்கச் சுவர் சரியாமல் இருக்க மரம் முட்டுக்கொடுக்க வேண்டும். வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி. இத்தனைக்கும் தினக்கூலி. மேலே வந்த கல்லை இடிக்க இரும்பு உலக்கைகள் வரிசையாக நிற்கும் மெஷின் வேண்டும், அதை ஓட்ட நீராவி இன்ஜின், அதற்கு விறகு. தூளைப் பாதரசத்தோடு கலந்து தங்கத்தைப் பிடிக்க வேண்டும், அப்புறம் பாதரசத்தைச் சூடாக்கி விரட்ட வேண்டும். முதல் கிராம் தங்கத்தைப் பார்ப்பதற்குள் ஒரு குடும்பத்தின் சொத்து கரைந்துவிடும்.

ஓய்வுபெற்ற படைவீரரின் பையில் எவ்வளவு இருந்திருக்கும்? இரண்டு வருஷத்துக்குள் காசு தீர்ந்துபோனது. 1877 வாக்கில், மேஜர் ஜெனரல் பெரெஸ்ஃபோர்டும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து அமைத்த குழுவிடம் லாவெலின் உரிமை போய்ச் சேர்ந்தது. கோலார் கன்செஷனேர்ஸ் என்று அந்தக் குழுவுக்குப் பேர். தனி ஆளின் கனவு அந்த இடத்தில் கூட்டுப் பங்காக மாறியது. லாவெலின் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடுகிறது. கோலார் கதையோ இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அதே நேரத்தில் நம்ம மலையில்

கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு ஒப்பீடு இருக்கிறது. மேட்டுப்பாளையம், ஊட்டி தாண்டி கூடலூர் போனால், அடுத்து தேவாலா, பந்தலூர். 1877-ல்தான் இந்தப் பகுதி மலபாரில் இருந்து பிரித்து நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அங்கேயும் பணியர்களும் குறும்பர்களும் ஓடைகளில் பொன் அரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1879-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறையில் உயர் பதவியில் இருந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித் என்ற நிபுணர் வந்து ஆராய்ந்தார். அவர் அறிக்கை வெளியானதும் லண்டன் பங்குச் சந்தைக்குப் பித்துப் பிடித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பதிவாகின. காபித் தோட்டங்கள் எல்லாம் தங்க வயல் விலைக்குக் கைமாறின.

மெஷின்கள் மலையேறின, பாறையை உடைத்து அரைத்துப் பார்த்தார்கள். மேலாப்பில் எடுத்த மாதிரிக் கற்களில் தெரிந்த தங்கம் உள்ளே இல்லை. ஓரிரு வருஷத்தில் எல்லாம் சரிந்தது. ஆக, நிபுணரும் பணமும் லண்டனும் சேர்ந்து குறி வைத்த நீலகிரி தோற்றது, மாட்டு வண்டியில் தனியாகப் போனவர் காட்டின கோலார் ஜெயித்தது. லாவெலுக்கு அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பங்குச் சந்தையை நம்பாமல், ஏற்கெனவே அங்கே கல் உடைத்தவர்களின் குழிகளைப் பின்தொடர்ந்து போனார். அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வைத்த வேலைதான் அவருக்கு வழிகாட்டி.

தங்கம் வந்தது, தனி ஆள் போனார்

கோலாரிலும் உடனே கொட்டிவிடவில்லை. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் உள்ளே வந்தது. ஆரம்பத்தில் அவர்களும் பணத்தைக் கொட்டிவிட்டுக் கைபிசைந்துகொண்டுதான் நின்றார்கள். கம்பெனியை மூடிவிடலாமா என்ற பேச்சு வரை போனது. மிச்சமிருந்த பணத்தில் பழைய குழிகளுக்குக் கீழே இன்னும் ஆழமாகப் போய்ப் பார்த்தபோதுதான் சாம்பியன் ரீஃப் என்ற தங்க நரம்பு சிக்கியது. மறுபடியும் கவனியுங்கள்: பழைய குழிகளுக்குக் கீழே.

அந்த நரம்பின் ஆரம்ப காலத் தரம், ஒரு டன் கல்லுக்குச் சுமார் 40 கிராமுக்கு மேல். நம்ம கணக்கில் 5 சவரன். 2001-ல் சுரங்கத்தை மூடும் காலத்தில் அது நாலைந்து கிராமைக்கூடத் தொடவில்லை. இடைப்பட்ட 120 வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் வெளியே போனது. ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது, உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. 1902-ல் சிவனசமுத்திரத்தில் இருந்து கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து இந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. பெங்களூரு நகரத்துக்கே கரண்ட் வந்தது அதற்குப் பிறகுதான்.

அந்த ஆழத்துக்கு இறங்கினவர்கள் யார்? பெரும்பாலும் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கம் நிலம் இல்லாமல், சாதிக் கொடுமை தாங்காமல், பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தவர்கள். அவர்களில் தலித் மக்களே அதிகம். அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது என்பதில் இருந்தே அந்த ஊர் எப்படிப்பட்ட அரசியல் உணர்வோடு இருந்தது என்று புரிந்துகொள்ளலாம். ஒரு பக்கம் லிட்டில் இங்கிலாந்து என்று பேர் வாங்கின பங்களாக்கள், இன்னொரு பக்கம் ஒரே அறை லைன் வீடுகள். உள்ளே பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். தப்பித்தவர்களையும் கல்தூசு நுரையீரலில் ஏறி மெதுவாகக் கொல்லும்.

இவர்களில் யாரும் தனிச் சுரங்கக்காரர்கள் இல்லை. சம்பளக்காரர்கள், வேலை முடிந்து வெளியே வரும்போது உடல் முழுக்கச் சோதனை செய்யப்பட்டவர்கள். வாரன் பார்த்த காலத்தில் குழிக்குள் இறங்கினவரும் கல்லை இடித்தவரும் அரித்தவரும் ஒரே ஊர்க்காரர்கள், எடுத்த தங்கத்தில் அவர்களுக்கும் ஒரு கை இருந்தது. லாவெல் வாங்கின குத்தகைதான் அந்த உரிமையை ஒரே பேப்பரில் கொண்டுவந்தது. பிறகு அந்தப் பேப்பர் கைமாறியது, லாவெலையும் வெளியே தள்ளியது.

இப்போது?

1956-ல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962-ல் மத்திய அரசிடம் போனது, 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் உருவானது. 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடினார்கள். சைனைடு கலந்த கழிவு மண் மலைகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. கேஜிஎஃப் படத்தின் ஷூட்டிங் நடந்தது அந்த மேடுகளில்தான். காற்றடித்தால் அந்தத் தூசு வீட்டுக்குள் வரும்.

தேவாலா பக்கம் லண்டன் கம்பெனிகள் விட்டுப்போன சுரங்க வாய்களுக்குள் இன்றும் உள்ளூர் ஆட்கள் இறங்குகிறார்கள். சுத்தியல், டார்ச், கல்லை இடித்து அரித்துப் பாதரசத்தில் பிடிப்பது, அதே பழைய முறை. சட்டப்படி அது திருட்டு. மண் சரிந்து செத்தவர்களும் உண்டு, போலீஸ் கேஸ் வாங்கினவர்களும் உண்டு. லாவெலின் தொழிலை அதே மாதிரி, தனியாக, தன் கைக்காசில் செய்துகொண்டிருப்பவர்கள் இன்றைக்கு அவர்கள் மட்டும்தான். அவர்கள் பேரில் எந்த ரோடும் இல்லை.

கேஜிஎஃப்-ல் மிச்சமிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் விடியக்காலையில் மாரிக்குப்பத்திலும் ஊரிகத்திலும் ரயில் ஏறுகிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள், தினமும், பெங்களூருக்கு வேலைக்கு. லாவெல் மாட்டு வண்டியில் வந்த அதே 100 கிலோமீட்டர்தான், திசை மட்டும் எதிர்ப்பக்கம். கூட்டத்தில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய விஷயம். கன்டோன்மென்ட்டில் இறங்கி, பஸ் பிடித்து, ஒன்பதரைக்குள் லாகின் பண்ணியாக வேண்டும். அதில் சிலருடைய ஆபீஸ் லாவெல் ரோட்டிலேயே இருக்கலாம்.